மன்சூரின் வரிக்குதிரை

விலங்கு ஓவியம் என்றால் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சமணனாகிய என் பழக்கம். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்களே, அதிலுள்ள யானையும் எருமையும் மீனும் சும்மா அலங்காரம் அல்ல. அது தீர்த்தங்கரர் அறவுரை நிகழ்த்தும் சமவசரணத்துக் குளம் என்று அறிந்த பிறகே ஓவியம் நிறைவாகிறது.

அந்தக் கண்ணோடு மொகலாய ஓவியர் உஸ்தாத் மன்சூரின் வரிக்குதிரையைப் பார்த்தபோது முதலில் ஏமாற்றம்தான். மூலப்படம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. நான் கண்டது அச்சுப்பிரதி. மரமில்லை, மலையில்லை. வெற்றுப் பின்னணியில் பக்கவாட்டாக ஒரு பிராணி நிற்கிறது, அவ்வளவே.

கதை படத்துக்கு வெளியே இருக்கிறது. அபிசீனியாவிலிருந்து வந்த இப்பிராணி 1621இல் ஜஹாங்கீர் பாதுஷாவின் முன் நிறுத்தப்பட்டது. யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டார்களாம். நன்றாக ஆராய்ந்த பிறகே இயற்கையான நிறம்தான் என்று தெளிந்ததாக ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். பின்பு அதை ஈரான் மன்னர் ஷா அப்பாஸுக்குப் பரிசாக அனுப்பிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், படத்தின்மீது பாதுஷா கைப்பட எழுதிய குறிப்பில் இது ‘கோவேறு கழுதை’! பெயர் தப்பு, படம் தப்பில்லை. தமக்குப் பழக்கமான கழுதையை வரைந்து மேலே கோடு இழுத்துவிடவில்லை மன்சூர். கண்டதைக் கண்டபடி எழுதினார். ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது ‘காலத்தின் அற்புதம்’ என்ற பட்டம் அவருக்குத் தகும்.

ஆனால் கூர்ந்து பார்ப்பது வேறு, இரங்குவது வேறு. அதே ஜஹாங்கீர் தம் 12 வயது முதல் 50 வயது வரை நடந்த வேட்டைக்கும் கணக்கு வைத்திருக்கிறார். மொத்தம் 28,532 உயிர்கள். அவற்றில் தம் கையாலேயே கொன்றவை 17,167. பேரேடு எழுதிப் பழகிய எனக்கே அந்த வரவு படிக்கக் கூசியது.

அதன்பின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிராணியின் முகத்தில் வார் பூட்டியிருக்கிறது. மன்சூர் அதை மறைக்கவில்லை. கதையில்லாத ஓவியம் என்றேனே, அந்த வார்தான் கதை. காட்டில் பிடித்து, கடல் கடத்தி, ஓர் அரசரிடமிருந்து இன்னோர் அரசருக்குக் கைமாறிய உயிர் அது. சித்தன்னவாசல் குளத்து யானைக்கு அந்த வார் கிடையாது.

வீட்டில் குழந்தைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினால், பெயரைச் சொல்லுமுன் அந்த வாரைக் காட்டுங்கள்.