நான்கு கட்டங்கள்

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'சிவில் ஜனநாயக இஸ்லாம்' ஆய்வை எழுதியவர் செறில் பெனார்ட். பணம் தந்தது சிமித் ரிச்சட்சன் என்ற தனியார் அறக்கட்டளை. அதை ஆய்வே மறைக்காமல் சொல்கிறது; மெச்சலாம்.

என் குறை வேறு. முஸ்லிம்களை அடிப்படைவாதிகள், மரபுவாதிகள், நவீனவாதிகள், மதச்சார்பற்றோர் என நான்காக்கி, எவரை ஆதரிப்பது, எவரிடையே பிணக்கை வளர்ப்பது என்று அது ஆலோசனை கூறுகிறது.

2019 ஜனவரியில் எங்கள் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டமொன்றில் வெடிபொருள்கள் பிடிபட்டன. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆபத்து மெய், ஆராயத்தான் வேண்டும்.

ஆனால், மௌலூது ஓதிவிட்டுக் களப்புக்குப் போகும் வாப்பா, மகளைப் பல்கலைக்கழகம் அனுப்பவும் பாடுபடுகிறார். அவர் எந்தக் கட்டத்துள் அடங்குவார்? நாம் அவரை எழுதாதவரை, பணம் தருபவரின் கேள்விக்கேற்பவே அவர் எழுதப்படுவார்.