கள்ளின் வழிகளும் தரமும்: வில்லியனூர், பாகூர் வட்டாரச் சுவைமரபு

கள்ளின் தரத்தை அறியும் மரபு புதுவையின் ஊரகக் கொம்யூன்களில் மரம், வேளை, கலயம் என்னும் மூன்றையும் அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. எந்த மரத்தின் சாறு, எப்பொழுது இறக்கியது, எத்தகைய கலயத்தில் வடிந்தது என்பவற்றை மணத்தாலும் நாவாலும் கூறவல்லவரே இவ்வட்டாரத்தில் சுவையறிந்தவர் எனப்பட்டனர். அத்தகையோரின் குடிவழிகளும் ஊர்வழிகளும் இம்மலரை வாசிக்கும் சங்கத்தார் நன்கு அறிந்தவையாதலின், அவற்றை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று முடிவுற்ற பின்னரும் இங்குக் கள்ளுக்கடைகள் உரிமம் பெற்றுத் தொடர்ந்தன. தமிழ்நாட்டிலோ 1987 சனவரி 1 முதல் கள் இறக்குவதே தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டோடு வரப்பு ஒன்றே எல்லையாக நிற்கும் ஊர்கள் பலவற்றைக் கொண்ட வில்லியனூரும் பாகூரும் இதனால் இம்மரபின் காவலிடங்களாயின என்பதும், அக்காவலின் பெருமை நம் மூத்தோரையே சாரும் என்பதும் மறுக்கவியலாதவை.

சுவையை உவமையால் உரைக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று. திண்டிவனம், மரக்காணம் பகுதிகளை உள்ளடக்கிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, தேறலின் வேகத்தைச் சினந்த பாம்புக்கு ஒப்பிடுகின்றது. புறநானூறு நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேளின் கடுப்போடு இணைக்கின்றது. முளைகட்டிய நெல்லின் மாவை அரிசிக் களியோடு கலந்து சாடியில் புளிக்கவைக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை கூறுவதால், மேலைநாட்டார் வாற்கோதுமையை முளைகட்டிச் செய்யும் பீருக்கு நெருங்கிய பானம் ஒன்றும் தொண்டை நாட்டில் இருந்தமை புலனாகும். கள் இறக்குவோர் மீது விதிக்கப்பட்ட ஈழப்பூட்சி என்னும் வரி பல்லவர் காலத்தில் வழங்கியமையும் இத்தொழிலின் பழமைக்குச் சான்றாகும்.

இன்று வழங்கும் வழிகளுள் முதலில் வைக்கத்தக்கது பனைவழி. தை முதல் ஆடி வரை நீளும் பருவத்தில், ஆண்பனையின் பாளைகளையும் பெண்பனையின் பாளைகளையும் கடிப்பு எனப்படும் மர இடுக்கியால் பதமாக நெருக்கி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, கலயம் கட்டிச் சாறு வாங்குவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அச்சாறு புளிக்காது பதநீராகும். தடவாது விட்டால் கள்ளாகும். பனங்கள்ளில் மணமே முந்தி நிற்கும் என்பதும், ஆண்பனைக் கள்ளையும் பெண்பனைக் கள்ளையும் பிரித்தறிவதே பயிற்சியின் முதற்படி என்பதும் இவ்வழியினர் கொள்கை. தென்னைவழியினர் விரியாத பாளையை நாரால் வரிந்து கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்திய பின்னரே நுனியைச் சீவுவர். ஆண்டு முழுவதும் கிடைப்பதால் தென்னங்கள்ளில் பருவ வேறுபாட்டைக் காட்டிலும் சீவும் கையின் வேறுபாடே மிகுதியாகத் தெரியும். அதன் வெண்ணுரையும் மென்மையான புளிப்பும் சிறப்பாகப் போற்றப்படும். ஈச்சங்கள் அருகியே கிடைப்பதால் அதற்கெனத் தனி அளவுகோல் இங்கு வளரவில்லை. ஆரியபாளையத்து வடிசாலையிலிருந்து வரும் சாராயம் ஒரே தன்மையதாக ஆக்கப்பெறுவதால் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராது.

மரத்தால் ஏற்படும் பிரிவினும் ஆழமானது கலயத்தால் ஏற்படும் பிரிவு. முன்னாள் கள்ளின் அடிமண்டியைக் கலயத்தில் சிறிது விட்டு மரத்தில் கட்டுவோர் ஒருசாரார்; மண்டியில் உறையும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் புதுச்சாற்றை விரைந்து பொங்கச் செய்வதால், அவர்தம் கள் காலையிலேயே கடுப்பேறி இறங்கும். கலயத்தை நன்கு கழுவி வெயிலில் கவிழ்த்து உலர்த்திக் கட்டுவோர் மற்றொரு சாரார். காற்றிலும் பாளையிலும் கலயத்தின் துளைகளிலும் உள்ள நுண்ணுயிர்களே தம் போக்கில் வேலை செய்வதால், அவர்தம் கள் இனிப்பிலிருந்து புளிப்புக்குப் படிப்படியாகச் செல்லும். சங்கத்தின் மூத்தோர் இருசாராரிலும் உளராதலின், இவற்றுள் ஒன்றைத் தாழ்த்துவது இங்கு நோக்கமன்று.

எனினும், கட்டுரையாளர் பயின்ற பாகூர் ஏரிக்கரை வழி கழுவிய கலயத்தைச் சார்ந்தது என்பதையும், அவ்வழியின் ஆசானாக விளங்கிய பெரியவரின் முறை ஏனையோருக்கும் பயன்படத்தக்கது என்பதையும் குறிப்பிடுதல் கடமையாகும். கலயத்தின் வாயைத் திறந்தவுடன் எழும் மணம், பனையோலைப் பட்டையில் ஊற்றும்போது நுரை நிற்கும் காலம், நாவில் இனிப்பும் புளிப்பும் வரும் முறை, விழுங்கிய பின் தொண்டையில் நிற்கும் கடுப்பு, இறுதியில் எஞ்சும் துவர்ப்பு என ஐந்தையும் இவ்வரிசையிலேயே அவர் கூறச் செய்வார். வரிசை பிறழ்ந்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மயக்கத்தின் அளவைத் தரமாகக் கூறுவதை அவர் ஒருபோதும் ஏற்றதில்லை. ஒரே மரத்தின் சாற்றை வேறெதனோடும் சேர்க்காது இறக்கும் ஒத்தமரத்துக் கள்ளே பயில்வோருக்குரிய பாடநூல் என்பது அவர் துணிபு.

அவர் கொண்ட வரிசை அறிவியலோடும் பொருந்துகின்றது. இறங்கும் சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு சர்க்கரை உண்டு. ஈஸ்ட் அதனைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்ற, லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் புளிப்பை வளர்க்க, ஒரு நாள் கடந்ததும் அசிட்டிக் அமிலம் மிகுந்து கள் காடியை நோக்கிச் செல்லும். சுவையை இவ்வாறு முறைப்படுத்திக் கூறும் முயற்சி பிறநாடுகளிலும் உண்டு; 1970களில் மார்ட்டன் மெயில்கார்ட் உருவாக்கிய பீர்ச் சுவைச் சக்கரம் மணத்தையும் சுவையையும் வகைவகையாகப் பிரித்து, உலகெங்கும் உள்ள வடிப்போருக்குப் பொதுமொழி ஒன்றை அளித்தது. நம்மவரிடமும் அதற்கு ஈடான அறிவு உண்டு. அது ஏட்டில் ஏறவில்லை என்பதே குறை. சட்டத்தின் ஏடும் இக்குறையைத் தீர்ப்பதில்லை; கேரளத்தின் கள்ளுக்கடை விதிகள் தென்னங்கள்ளுக்கு 8.1 விழுக்காடும் பனங்கள்ளுக்கு 5.2 விழுக்காடும் சாராய அளவின் வரம்பாக விதித்தன; சட்டம் அளப்பது வீரியத்தை மட்டுமே, சுவையை அளக்கும் பொறுப்பு சுவைப்போரையே சாரும்.

அப்பொறுப்பு இன்று எவ்வாறு பேணப்படுகின்றது என்பது வருத்தத்தோடு சிந்திக்கத்தக்கது. எவரையும் சுட்டுவது முறையன்றாயினும், தொழிலில் உள்ள சிலர் பனையையும் தென்னையையும், காலைக் கள்ளையும் மாலைக் கள்ளையும் ஒரே பிளாஸ்டிக் கேனில் கொட்டிக் கலப்பது வழக்கமாகிவிட்டது. பெல்ஜியத்தில் காற்றின் நுண்ணுயிர்களால் புளிக்கும் லாம்பிக் பீரையும் கலக்கத்தான் செய்கின்றனர் எனச் சிலர் வாதிடுவர். ஆனால் அங்குக் கலப்பவர் ஒவ்வொரு பீப்பாயையும் தனித்தனியே சுவைத்து, அதன் வயதறிந்து கலக்கின்றார். இங்கோ சுவைப்பதற்கு முன்பே கலந்துவிடுகின்றனர். கேனுக்குள் சென்றபின் ஆண்பனை எது, பெண்பனை எது? நன்றாகச் சீவிய கைக்கும் அவசரமாகச் சீவிய கைக்கும் என்ன வேறுபாடு? தன் உழைப்பு பெயரின்றிக் கரைவதைக் காணும் மரமேறி எதற்காகக் கலயத்தைக் கழுவ வேண்டும்? அவர்தம் மகன் எதற்காக மரமேறக் கற்க வேண்டும்? ஏறுவாரற்ற பனையை நிலவுடைமையாளர் எதற்காக நிற்கவிட வேண்டும்? ஏரிக்கரைப் பனைகள் குறைவதற்கும், இளைஞர் இத்தொழிலை விட்டு நகர்வதற்கும், இனிப்பா கடுப்பா என்ற ஒரே வினாவோடு குடிப்போர் நின்றுவிடுவதற்கும் அந்தக் கேனே வேர் என்று கூறினால் அது மிகையாகாது. சர்க்கரை நீர் சேர்ப்பது போன்ற பிற பிழைகளும் கலவைக்குள் ஒளிந்தே வாழ்கின்றன. ஒத்தமரத்துக் கலயத்தில் அவற்றுக்கு ஒளிய இடமில்லை.

ஆகவே, சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவில் வைக்கப்படும் கள் ஒவ்வொன்றும் இறங்கிய கலயத்திலேயே வர வேண்டும் என்றும், மரத்தின் இனம், நின்ற இடம், இறக்கிய வேளை, சீவியவர் பெயர், கலயம் கழுவியதா மண்டி விட்டதா என்பன அதன்மீது எழுதப்பட வேண்டும் என்றும், இருசாரார் மூத்தோரும் ஒரே அவையில் அமர்ந்து அவற்றைச் சுவைத்துக் கூறுவன அனைத்தும் குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும் என்றும் பணிவுடன் வேண்டப்படுகின்றது. பொதுக் கேனில் வந்த கள் எவர் கொணர்ந்ததாயினும் அவ்வவையில் ஏற்கப்படலாகாது.