கூடலூர் கிழார் கண்ட வானம்

புறநானூற்று 229ஆம் பாட்டு, கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவு குறித்துக் கூடலூர் கிழார் பாடிய ஆனந்தப்பையுள். இதனைத் தீநிமித்தப் பாட்டு என்று கூறி அமைவார் உளர். யாம் இதனைக் கண்டு பாடிய காட்சிப் பாட்டு என்போம்.

பங்குனி முற்பாதியில், நள்ளிரவில், ஒரு மீன் உச்சியினின்று சாய்கிறது, ஒன்று எதிரே எழுகிறது, ஒன்று மறைகிறது. இவை முறையே உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்பது பழைய உரை. இவ்வுரையைச் சொல்லாராய்ச்சி கொண்டு மட்டும் அளத்தல் போதாது. வானத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

திருமயம் வட அகலக்கோடு ஏறத்தாழ 10¼ பாகையில் உள்ளது. மார்ச்சு 20ஆம் நாளையொட்டி நள்ளிரவில் அங்குள்ள குன்றினின்று நோக்குவார்க்குச் சிங்கத்தின் வாலாகிய உத்தரம் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கும். மேற்கே மிருகசீரிடம் மறையும். தென்கிழக்கே தேளின் வாலாகிய மூலம் எழும். இம்மூன்றும் அரைமணிப் பொழுதினுள் நிகழ்வன. தமிழ்த் திங்கள் விண்மீன்களிடையே ஞாயிறு நிற்கும் இடத்தைக் கொண்டு எண்ணப்படுதலின், நூற்றாண்டுகள் பல கழிந்தும் பங்குனி நள்ளிரவின் தோற்றம் பெரிதும் மாறிற்றிலது. உரை பிழையன்று, புலவர் கண்டே பாடினார்.

இதனாற் பாட்டின் நயமும் விளங்கும். மூன்று மீன்களும் முறை பிறழாதன. நான்காவதாக, கிழக்கும் செல்லாது வடக்கும் செல்லாது எரிந்து வீழும் மீனுக்கு மட்டும் பெயரில்லை, முறையுமில்லை. ஒழுங்கை முன்னர் நிறுவியமையாலன்றோ ஒழுங்கின் முறிவு நெஞ்சை நடுக்குகிறது! ஏழாம் நாளில் வேந்தன் துஞ்சினான். யானை நிலத்திற் கைவைத்துத் துயின்றது. முரசு கண்கிழிந்து உருண்டது. வானிற் கண்ட முறிவே மண்ணிலும் தொடர்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை. 2019இல் வெளியான முதற் கருந்துளைப் படத்துக்குரிய எம் 87 மண்டலம் உத்தரத்திற்குக் கிழக்கே பத்துப் பாகையளவில் உள்ளது. 2022இல் வெளியான, நம் பால்வீதி நடுவண் கருந்துளைப் படத்துக்குரிய இடம் மூலத்தினின்று ஒன்பது பாகைக்குள் அமையும். இப்பொருத்தம் கண்டு, முன்னோர் கருந்துளை அறிந்தனர் என எழுதப் புகுவார்க்குச் சான்று சிறிதுமில்லை. ஞாயிற்றைப் போல் நாற்பது இலக்கம் மடங்கு நிறையுடையதாயினும் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் புலவர் பாடினாரல்லர். புலனானதை வழுவாது பாடினார். அதுவே அவர் பெருமை.

ஆதலின், இப்பாட்டைப் பயிலும் மாணவர் உரையுடன் பங்குனி வானையும் ஒருமுறை நோக்குவாராக.