முகம் பார்த்து வரும் பணம்

பாலக்காட்டுக் கல்பாத்தியில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. தெருவில் குடியிருப்பவர்களைவிட மும்பையிலும் சென்னையிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்கள்தான் அதில் அதிகம். தேருக்குக் கொடியேற்றம் என்றைக்கு, யாருக்குச் சதாபிஷேகம், எந்த வீடு விலைக்கு வந்திருக்கிறது என்ற சேதிகளுக்கு நடுவே மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு படம் வந்து விழும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு குழந்தை, மூக்கில் குழாய், கீழே வங்கிக் கணக்கு எண், கூகுள் பே எண், க்யூஆர் கட்டம். எதிர்வீட்டு மாமி போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நெஜம்தானோ? ஐந்நூறு போடட்டுமா?" என்று கேட்பார். பல வருஷமாக இதற்கு அரைமனதாகத்தான் பதில் சொல்லி வருகிறேன். அந்த அரைமனது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இது பேஸ்புக்கோடு பிறந்த வழக்கமல்ல. கேரளத்தில் எந்த நாற்சந்தியில் நின்றாலும் ஒரு பிளெக்ஸ் பலகை கண்ணில் படும்: நோயாளியின் படம், வேண்டிய தொகை, சிகிச்சை சகாய கமிட்டியின் கணக்கு எண். வார்டு மெம்பர் தலைவர், எம்.எல்.ஏ. புரவலர், கோயில்காரரும் பள்ளிவாசல்காரரும் உறுப்பினர்கள். தனியார் பஸ் முதலாளி ஒருநாள் வசூலை அப்படியே கொடுப்பார். அன்றைக்குக் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதில் பக்கெட்டோடு வருவார். அண்மைக் காலத்தில் பிரியாணி சேலஞ்ச் வந்திருக்கிறது: ஊரே சேர்ந்து சமைத்துப் பொட்டலம் விற்று, லாபத்தை நோயாளிக்குத் தருவது. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது; மொய் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், இது திரும்பாது, அவ்வளவுதான். இந்தக் கமிட்டிகளின் பலம் ஒன்றே ஒன்று. பணம் வாங்கியவர் மறுநாள் டீக்கடையில் கண்ணில் படுவார். என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.

சமூக வலைத்தளம் அந்த நாற்சந்தியை உலகத்தின் அகலத்துக்கு விரித்தது. விரிந்ததில் டீக்கடை காணாமல் போயிற்று.

விரிந்ததன் பலனை முதலில் எழுதிக்கொள்வதுதான் நியாயம். எஸ்.எம்.ஏ. என்ற தசைநலிவு நோயில் ஒரு மரபணுப் பழுதால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கடுமையான வகையில் குழந்தையால் உட்காரக்கூட முடியாது, மூச்சும் தளரும். இதற்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கொண்டுவந்த ஜோல்ஜென்ஸ்மா என்ற ஒரே தவணை மருந்துக்கு 2019 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. விலை 21 லட்சம் டாலர். 2021 ஜூலையில் கண்ணூர்க் கடலோரத்து மாட்டூலில் ஒன்றரை வயதுக் குழந்தைக்காக இந்த மருந்து வேண்டிக் குரல் எழுந்தது. அதே நோயால் சக்கர நாற்காலியில் இருந்த அக்கா தம்பிக்காகப் பேசினாள். 18 கோடி ரூபாய் கேட்டார்கள். சில நாளில் அது நிறைந்து, கணக்கை மூடி எண்ணியபோது 46.78 கோடி. பெரும்பாலும் சின்னச் சின்னத் தொகைகள். எந்த அரசு அலுவலகமும் அந்த வேகத்தில் ஒரு குழந்தைக்காக இவ்வளவு பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடாது.

எங்கள் ஜில்லாவிலும் ஒரு கதை உண்டு. கூற்றநாட்டில் பூர்வீகமும் மும்பையில் வாசமுமாக இருந்த ஒரு குடும்பம் தங்கள் குழந்தைக்காக மிலாப் என்ற நிதி திரட்டும் தளத்தில் 17.5 கோடி திரட்ட முயன்றுகொண்டிருந்தது. 2023 பிப்ரவரியில் ஒருநாள் கணக்கில் 14 லட்சம் டாலர் வந்து விழுந்தது, ஏறக்குறைய 11 கோடி ரூபாய். அனுப்பியவர் யாரென்று குழந்தையின் பெற்றோருக்கும் தெரியக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுத்த அந்த மனிதரை நினைக்கும்போது இந்த முறையைக் குறை சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மாட்டூலில் பணம் கொட்டிய அதே ஜூலையில், அதே நோயோடு பெரிந்தல்மண்ணைப் பக்கத்துக் குழந்தை ஒன்று கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் வென்டிலேட்டரில் கிடந்தது. அதற்கும் கமிட்டி இருந்தது, அதற்கும் வீடியோ ஓடியது. வசூல் சுமார் 16 கோடியை எட்டிய நேரத்தில் குழந்தை இறந்துபோயிற்று. மருந்தை அரசு வாங்கித் தர வேண்டும் என்று தகப்பன் தொடுத்திருந்த வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்தது. இப்போது நீதிமன்றத்தின் முன்னால் வேறொரு கேள்வி வந்து நின்றது. சேர்ந்த பணத்தை என்ன செய்வது? மாட்டூலில் மிஞ்சியதோ கேட்ட தொகையைவிட அதிகம். அதை வேறு எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்குக் கொடுப்பதாகக் கமிட்டி முடிவு செய்தது, நல்ல முடிவு. கூட்டம் பணம் கொடுக்கும்போது எந்தக் குழந்தைக்கு மருந்து அவசரம், எந்தக் குழந்தைக்கு அது இன்னும் உதவும் என்று டாக்டரைப் போல வரிசை போடுவதில்லை. எந்த வீடியோ நெஞ்சைத் தொட்டதோ அதற்கே போகிறது. தம்பிக்காகப் பேசிய அந்த அக்காவுக்கு ஊசி போடும் வயது எப்போதோ கடந்துவிட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் அவள் இறந்தாள்.

நெஞ்சைத் தொடுவதும் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் கோஃபண்ட்மீ தளத்தில் 2016 முதல் 2020 வரை வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ வேண்டுகோள்களை நோரா கென்வொர்த்தியும் மார்க் இக்ராவும் ஆராய்ந்தார்கள். கேட்ட தொகையை எட்டியவை சுமார் 12 சதவீதம். 16 சதவீதத்துக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்த பகுதிக்காரர்களுக்குத் தேவை அதிகம், கிடைத்தது குறைவு. நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. எங்கள் அக்ரகாரத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால் மூன்று கண்டத்தில் போன் அடிக்கும். இடுக்கியில் தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு அதே நோய் வந்தால் அவர் சொந்தக்காரர்கள் எல்லோரும் அடுத்த லயத்தில் இருப்பார்கள், அதே தினக்கூலியில். மலையாளத்தில் உருகிப் பேச ஆளில்லை. தமிழ்நாட்டுக்காரர் பார்வையில் அவர் கேரளத்துக்காரர். வலைத்தளம் புதிதாக யாருக்கும் உறவைத் தருவதில்லை, இருக்கிற உறவைத்தான் பெருக்குகிறது. பூஜ்யத்தை எதால் பெருக்கினால் என்ன?

இனி படத்தைப் பற்றி. பிளெக்ஸ் பலகையில் நோயாளியின் படம் இருந்தது உண்மை. தேவை முடிந்ததும் யாராவது அதைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டுவிடுவார்கள். இணையத்தில் கழற்ற ஆளில்லை. பிழைத்து வளரும் குழந்தை பத்தாம் வகுப்பில் தன் பெயரைத் தேடினால் அந்தக் குழாய் செருகிய முகம்தான் முதலில் வரும். குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. இதே படத்தை எடுத்துக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி ஓடவிடும் திருடர்களும் இருக்கிறார்கள். மாமியின் "நெஜம்தானோ" அவர்களை நினைத்துத்தான்.

திருட்டைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. நோயாளிக்கும் கூட்டத்துக்கும் நடுவில், கதை சொல்லத் தெரிந்த ஒரு ஆள் தேவைப்படுகிறார். 2020 ஜூனில், தாயின் கல்லீரல் மாற்று சிகிச்சைக்காகக் கொச்சிக்கு வந்திருந்த கண்ணூர்ப் பெண் ஒருத்தி நேரலையில் அழுது கேட்டாள். ஒரு கோடிக்கு மேல் வந்தது. உதவ வந்தவர்கள் மிச்சப் பணத்தைத் தங்கள் பொறுப்பில் விடச் சொல்லி மிரட்டுவதாகப் பிறகு அவளே புகார் கொடுத்தாள். சேரானல்லூர் போலீஸ் வழக்குப் பதிந்தது. எனக்கு அந்த வழக்கைவிட அதன் அடியில் கிடக்கும் கேள்விதான் முக்கியம்: மிஞ்சிய பணம் யாருடையது? கொடுத்தவர்கள் ஒரு தாயின் உயிருக்காகக் கொடுத்தார்கள், வாங்கிய மகள் பெயரில் கணக்கு இருக்கிறது, கூட்டத்தைக் கூட்டியவர் தன்னால் வந்தது என்கிறார். முன்கூட்டியே எழுதி வைக்காதபோது மூவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால்தான் சண்டை. அதற்கு ஓராண்டு கழித்து, 2021 ஜூலையில், நினைத்தவரெல்லாம் வசூலிக்கும் இந்தப் போக்கை அரசு கண்காணிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

கடைசிக் குற்றச்சாட்டுதான் என் கணக்கில் மிகப் பெரியது. 21 லட்சம் டாலர் என்ற விலையை யார் கேட்டார்கள்? நாம் எல்லோரும் பணம் கேட்டோமே தவிர, விலையைக் கேட்கவில்லை. 2021 தொடக்கத்தில் மும்பைக் குழந்தை ஒன்றுக்கு இதே மருந்து வந்தபோது சுமார் 6 கோடி ரூபாய் வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது, பாராட்டு குவிந்தது. உண்டியலில் சேர்ந்த காசுக்கு வரி கேட்க இருந்தார்கள் என்பதை யாரும் பேசவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, எஸ்.எம்.ஏ. போன்ற நோய்களின் விலையுயர்ந்த சிகிச்சைகளுக்கு அரசால் முழுப்பணம் தர இயலாது என்று சொல்லி, மக்களிடம் நன்கொடை திரட்ட ஒரு வலைத்தளம் அமைப்பதாக அறிவித்தது. அமைத்தும்விட்டது. அடுத்த ஆண்டு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று உதவியை உயர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், குடும்பம் தட்டேந்துவதை அரசாங்கமே கொள்கையாக எழுதியது இதற்கு முன் எனக்குத் தெரிந்து நடந்ததில்லை.

விலையோடு மோதினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி வந்துவிட்டது. இதே நோய்க்கு வாயால் சாப்பிடும் மருந்து ரிஸ்டிப்ளாம். ரோஷ் கம்பெனியின் புட்டி ஒன்று 6.2 லட்சம் ரூபாயாக இருந்தது. ஐதராபாத் நாட்கோ கம்பெனி அதைத் தயாரிக்க, காப்புரிமை வழக்கு நடந்தது. 2025 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றமும் பிறகு உச்ச நீதிமன்றமும் நாட்கோவைத் தடுக்க மறுத்தன. நாட்கோ அப்போது அறிவித்த விலை புட்டிக்கு 15,900 ரூபாய். எத்தனை கோடிப் பகிர்வுகளும் இதயக் குறிகளும் சேர்ந்தாலும் அந்தப் பூஜ்யங்களை அழித்திருக்க முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் அரசிடம் விட்டுவிடலாமா? விட மாட்டேன். அரசும் முகம் பார்க்கும். 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் போனார்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களுக்கு 10 லட்சம், மண்ணில் புதைந்தவர்களுக்கு 5 லட்சம் என்று முதலில் அறிவிப்பு வந்தது. ஆகவே உண்டியல் கெட்டது, அரசாங்கம் நல்லது என்ற கட்சியில் நான் இல்லை.

என் அளவுகோல் வேறு. பணம் எப்போது சேர்கிறது? முகம் தெரிவதற்கு முன்பா, பின்பா? கேரளத்துக்கு முன்பே சேர்க்கவும் தெரியும். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை மெல்ல மெல்லப் பக்கத்து ஜில்லாக்களில் பரவி, ஊருக்கு ஊர் பாலியேட்டிவ் யூனிட்டாக வளர்ந்தது. மளிகைக் கடை மேசையில் ஒரு உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, மாதம் இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தவர்கள். அந்தக் காசில் வண்டி எடுத்துக்கொண்டு நர்ஸும் தொண்டர்களும் வீட்டுக்கு வருவார்கள். உண்டியலில் பத்து ரூபாய் போட்டவருக்கு அது எந்தக் கிழவரின் படுக்கைப் புண்ணுக்கு மருந்தாயிற்று என்று தெரியாது. 2011இல் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது ஏழைகளின் சிகிச்சைக்கென்று வந்த காருண்யா லாட்டரியும் இந்த வகைதான். சூதாட்டக் காசு என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், சீட்டு வாங்கியவர் யாருடைய டயாலிசிஸுக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. லயத்துத் தொழிலாளிக்கு இந்தப் பணத்தில்தான் இடம் உண்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. வலைத்தள வசூல், விபத்தில் அடிபட்டவனைத் தூக்கிச் செல்லும் ஆட்டோவைப் போல. ஆட்டோக்காரரைக் கும்பிடலாம், அதற்காக ஆம்புலன்ஸ் வேண்டாமென்று விட முடியாது. தனி மனிதருக்கு அது உதவும்போது கொடுக்க வேண்டும், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை மறக்காமல். படத்தில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல் ஆஸ்பத்திரியை நேரே கூப்பிட்டு விசாரிப்பது, கணக்கு ஆஸ்பத்திரி பெயரிலோ கூட்டுக் கணக்காகவோ இருக்கிறதா என்று பார்ப்பது, மிஞ்சினால் யாருக்கு என்று முதலிலேயே எழுதச் சொல்வது. கொடுத்த பிறகு குழந்தையின் படத்தை மேலே அனுப்பாமல் இருப்பது. ஆனால் சிகிச்சைச் செலவுக்கான ஒரு முறையாக இதை ஏற்பதற்கில்லை.

எங்கள் தெருக் குழுவில் இருக்கும் மும்பைக்காரர்களுக்கும் நியூஜெர்சிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படம் ஏதும் வராத மாதத்திலும் அந்த ஐந்நூறை அனுப்புங்கள், பக்கத்துப் பாலியேட்டிவ் யூனிட்டுக்கு. எதிர்வீட்டு மாமி இந்த மாதம் தொடங்கிவிட்டார்.