பாட்டியும் கணித ஆசிரியரும்

2019 செப்டம்பரில் ஜீன் சாக்ரடீஸ் என்ற ஆங்கிலேயப் பெண் கனடாவின் விக்டோரியா துறைமுகத்துக்குத் தன் பாய்மரப் படகை ஓட்டி வந்தார். முந்தைய அக்டோபரில் அதே துறைமுகத்திலிருந்து தனியாகப் புறப்பட்டவர். எங்கும் கரையேறவில்லை; வழியில் யாரிடமிருந்தும் உணவோ உதிரிப்பாகமோ பெறவில்லை. ஏறத்தாழ 11 மாதத்தில் உலகைச் சுற்றி முடித்திருந்தார். வயது 77. அந்த வயதில் அப்படிச் சுற்றி வந்தவர் அதற்கு முன் ஆண்களிலும் இல்லை.

அன்று நான் வாசித்த செய்திகளில் அவர் பெரும்பாலும் ‘பாட்டி’. சிலவற்றில் ‘கணவரை இழந்தவர்’. அவர் கணிதம் கற்பித்தவர் என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரியாகக் கிடந்தது. நானும் கணிதம் கற்பிப்பவள்தான். அதனால் அந்த வரியில் நின்றுவிட்டேன். பேரக்குழந்தைகள் இருப்பதற்கும் தெற்குப் பெருங்கடலில் படகு ஓட்டுவதற்கும் என்ன தொடர்பு? ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் ‘தாத்தா’ என்ற சொல் தலைப்புக்கு வந்திருக்குமா?

பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியேவை எடுத்துக்கொள்வோம். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றும் முதல் போட்டி 1968-ல் தொடங்கியது. வெல்லும் வாய்ப்பு இருந்தும் 1969-ல் அவர் போட்டியைக் கைவிட்டார். அந்த முடிவை எழுதி, உண்டிவில்லால் ஒரு கப்பலின் தளத்துக்கு எறிந்துவிட்டு, தஹீத்தித் தீவை நோக்கிப் படகைத் திருப்பினார். பிரான்சில் அவருடைய மனைவி காத்திருந்தார். 1971-ல் வெளிவந்த அவருடைய பயண நூலைக் கடலை நேசிப்பவர்கள் இன்றும் தத்துவ நூலாகவே வாசிக்கிறார்கள். அவரைக் ‘கணவர்’ என்று தலைப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ஆண் விட்டுப் போனால் அது தேடல். பெண் போனால், யாரை விட்டுப் போனாள், யார் இல்லாததால் போனாள் என்ற கணக்கு முதலில் வருகிறது.

சாக்ரடீஸின் கதையை அவருடைய வேலைகளின் வழியே சொன்னால் வேறொருவர் தெரிகிறார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் படகோட்டக் கற்றார். 1990-களின் பிற்பகுதியில் அவரும் கணவரும் முன்கூட்டியே ஓய்வு பெற்று, ‘நெரேய்டா’ என்ற படகில் வாழத் தொடங்கினார்கள். 2003-ல் கணவர் புற்றுநோயால் இறந்தார். அவர் படகை விற்கவில்லை. 2008-ல் உலகைச் சுற்றி முடிக்க 100 மைல்கூட மீதமில்லாதபோது, மெக்சிகோக் கரையில் படகு மணலேறி உடைந்தது. அதே பெயரில் இன்னொரு படகு வாங்கினார். 2011-ல் ஹார்ன் முனைக்கருகே பேரலை அந்தப் படகைக் கவிழ்த்துப் போட்டுச் சேதப்படுத்தியது. 2013-ல் 259 நாட்களில் சுற்றை முடித்தார். 2017-ல், கரையேற்றிய படகில் வேலை செய்தபோது ஏணியிலிருந்து விழுந்தார்; கழுத்து முள்ளெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. அடுத்த ஆண்டு மறுபடி புறப்பட்டார்.

பயணத்தில் அவர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளில் கடலின் பேரழகைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் வேகம், என்ன உடைந்தது, எதை வைத்துச் சரிசெய்தார், என்ன சாப்பிட்டார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இலக்கியமாக இவை சுமார்தான். சில நாட்களின் குறிப்புகளை நானே தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் ‘துணிச்சல்காரப் பாட்டி’ என்ற பிம்பம் இவற்றில் எங்கும் நிற்பதில்லை. துணிச்சலைப் பற்றி அவர் பேசுவதே அபூர்வம். கணக்கின் ஒவ்வொரு படியையும் கரும்பலகையில் எழுதிக்காட்டும் ஆசிரியரின் கை அங்கே தெரிகிறது.

கடைசிப் பயணத்தில் அவருடைய பெரிய பாய் கிழிந்தது. கையால் தைத்தார். காற்று அடங்கிய நேரம் பார்த்து, கனத்த துணியில் ஊசியைத் தள்ளித் தள்ளிப் பல நாள் நீண்ட வேலை அது. வீட்டுக்குள் தையல் என்றால் பெண் வேலை. கூலிகூடக் கணக்கில் வராது. கப்பலில் அதே தையல், உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டிய ஆண் மாலுமிகளின் தொழில். அதற்கென்று தனிப் பதவியே இருந்தது. ஊசி ஒன்றுதான். அதைப் பிடித்த கையைப் பார்த்தே மதிப்பு வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் தேவை. படகு வாழ்க்கையை விடுதலை என்று கொண்டாடிவிட முடியாது. கணவரோடு சேர்ந்து தாங்களே கட்டிய எஞ்சினில்லாப் படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் லின் பார்டி, 1980-ல் வெளியிட்ட நூல் ஒன்று முழுக்கக் கடற்பயணச் சமையலையும் உணவுச் சேமிப்பையும் பற்றியது. அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் மாலுமித் திறன்தான் என்று காட்டியது அதன் பெருமை. படகிலும் அடுப்படி பெண் பக்கமே ஏன் ஒதுங்குகிறது என்று அது அழுத்திக் கேட்பதில்லை. கரையில் விட்டு வந்ததாக நினைத்த வேலைப் பிரிவினை நமக்கு முன்பே படகில் ஏறிவிடுகிறது. பணமும் அப்படித்தான். படகும் சேமிப்பும் இருப்பவர்தான் முன்கூட்டியே ஓய்வு பெற முடியும். மாதச் சம்பளத்தில் பாதி கடன் தவணைக்குப் போகும் ஆசிரியரிடம் ‘கனவைத் துரத்து’ என்பது அறிவுரை ஆகாது.

இதை எழுதும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு ராஜினாமா கடிதம் எழுதினேன். கடலுக்குப் போக அல்ல. ஓராண்டு ஊர் ஊராகச் சுற்றி எழுத. மேலிடத்தில் கேட்ட முதல் கேள்வி: “வீட்ல சொல்லிட்டீங்களாம்மா?” நான் சிரித்து மழுப்பினேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்றாம் பீரியடுக்குப் போய்விட்டேன். பயந்துவிட்டேன் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், ஓராண்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும், மாமியாரின் மருந்தை யார் வாங்கித் தருவார், திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா என்று அன்று நான் கணக்கே போட்டிருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் நான் உடைந்துபோனதற்கு அதுவும் காரணம்.

போன மாதம் இந்தக் குறிப்புகளை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டினேன். “இந்தம்மாவுக்குப் பயமே இல்லையா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்லாமல், 339 நாளுக்கு ஒருவருக்குக் குடிக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பலகையில் எழுதினேன். கேட்டவளே எழுந்து வந்து போட ஆரம்பித்தாள்.