குஷிங்கின் கைகள்

2016இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமான 'ரோக் ஒன்'னில், இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த நடிகர் பீட்டர் குஷிங் டார்கின் என்ற பாத்திரமாக மறுபடியும் நடமாடினார். கை ஹென்றி என்ற நடிகர் நடித்துக் கொடுக்க, அவர் முகத்தின் மீது குஷிங்கின் முகத்தைக் கணினி பொருத்தியது. அதன்பிறகு ஒரு பேச்சு நாகரிகமாகிவிட்டது. முகமும் குரலும் பதிவாகக் கிடைத்தால் எந்த நடிகரையும் மீட்டுவிடலாமாம். திகில் பட நடிகர் என்றால் அது இன்னும் எளிதாம், அவரிடம் இருப்பதே முகமும் தோரணையும்தானாம். இதைச் சொல்பவர்கள் 'ஸ்டார் வார்ஸ்' டார்கினைத் தவிர வேறு குஷிங்கைப் பார்க்காதவர்கள். பார்த்திருந்தால், உதாரணத்துக்கு இவரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

ஆரம்ப ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1913இல் சர்ரே மாவட்டத்துக் கென்லியில் பிறப்பு. நகராட்சி நிலஅளவைப் பிரிவில் உதவியாளர் வேலை, பிறகு நாடகம். 1939இல் ஹாலிவுட்டுக்குப் போய் லாரல், ஹார்டி படத்தில்கூடத் தலைகாட்டினார், நிலைக்கவில்லை. 1948இல் ஒலிவியரின் 'ஹாம்லெட்'டில் ஆஸ்ரிக். உண்மையில் அவரை இங்கிலாந்து அறிந்தது 1954 டிசம்பரில். ஆர்வெல்லின் '1984'ஐ பிபிசி நேரலை நாடகமாக ஒளிபரப்பியது. வின்ஸ்டன் ஸ்மித்தாக குஷிங். கொடூரம் மிகுந்துவிட்டது என்று நாடாளுமன்றம் வரை முணுமுணுப்பு எழுந்தது. சிறந்த தொலைக்காட்சி நடிகர் என்ற விருதும் வந்தது. அந்தப் புகழோடுதான் அவர் 1957இல் ஹாமர் நிறுவனத்தின் வண்ணப்படமான 'ஃபிராங்கன்ஸ்டைனின் சாப'த்துக்குள் நுழைந்தார். வேறு வழியில்லாமல் பேய்ப்படத்தில் ஒதுங்கியவர் என்ற அனுதாபக் கதைக்கு இங்கே இடமில்லை.

இனி நான் நிற்க விரும்பும் இடம். 1931இல் யூனிவர்சல் எடுத்த படத்தின் மையம் பூதம்தான். போரிஸ் கார்லாஃபின் தட்டைத்தலையும் கழுத்து ஆணியும் உலகத்துக்கே தெரியும். அந்த ஒப்பனையின் உரிமை யூனிவர்சலிடம் இருந்ததால் ஹாமர் அதைத் தொட முடியவில்லை. அவர்கள் பூதத்தை விட்டுவிட்டு அதை உண்டாக்கிய பிரபு ஃபிராங்கன்ஸ்டைனைப் பிடித்துக்கொண்டார்கள். குஷிங் நடித்த ஆறு ஃபிராங்கன்ஸ்டைன் படங்களிலும் படத்துக்குப் படம் பூதம் மாறுகிறது, பிரபு மாறுவதில்லை. திகில் சினிமாவில் இதைவிடப் பெரிய திருப்பம் நிகழ்ந்ததில்லை என்பேன். பயப்பட வேண்டியது கல்லறையிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்து அல்ல, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காலை உணவுக்கு உட்காரும் படித்த மனிதனைப் பார்த்து என்று அவை சொல்லின.

இதை அவர் கைகளால் சொன்னார். முதல் படத்தில் தூக்குமரத்திலிருந்து இறக்கிய பிணத்தின் தலையை அறுத்தெடுத்த பிறகு, ரத்தக் கையைத் தன் விலையுயர்ந்த மேல்கோட்டிலேயே துடைத்துக்கொள்கிறார். எழுதும்போது மை சிந்தினால் நாம் துடைப்போமே, அதே கவனமின்மை. தான் கைவிட்ட வேலைக்காரியைப் பூதத்திடம் சாகவிட்ட மறு காட்சியில் மர்மலேடைக் கேட்டு வாங்குகிறார். வசனம் குற்றத்தை மறைக்கிறது, விரல்களின் நிதானம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. படப்பிடிப்பில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு வேலை வைத்துவிடுவார் என்பதால் உடன் நடித்தவர்கள் அவரைச் சாமான்களின் பெயரால் கேலி செய்ததுண்டு. அந்தக் கேலியில் நடிப்புப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

1958இன் 'டிராகுலா'வில் அதே கைகள் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. கல்லறையில் பயந்து நிற்கும் சிறுமிக்குத் தன் மேல்கோட்டைப் போர்த்துகிறாரே, அந்த ஒரு செயலில் அவர் நடிக்கும் வான் ஹெல்சிங் யார் என்பது முடிவாகிவிடுகிறது. இறுதியில் நீண்ட மேசை மேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையை இழுத்து, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்குகிறார். அது குஷிங்கே சொன்ன யோசனை. டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் சிவந்த கண்களையும் உயரத்தையும் பாடாத விமர்சகர் இல்லை. லீயின் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1966இன் 'இருளின் இளவரசன்' படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவர் சீறித் திரிவதைப் பார்த்தால், எதிரே குஷிங் இல்லாதபோது டிராகுலா எவ்வளவு மெலிந்துபோகிறது என்பது தெரியும்.

ஹாமரை மன்னிக்க முடியாத இடமும் உண்டு. 1969இன் 'ஃபிராங்கன்ஸ்டைன் அழிக்கப்பட வேண்டும்', இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரின் கடுமையான படைப்பு. அதில் வியாபாரத்துக்காகத் திணித்த பாலியல் வன்முறைக் காட்சியை குஷிங்கும் நடிகை வெரோனிகா கார்ல்சனும் எதிர்த்தார்கள். எதிர்ப்பு எடுபடவில்லை. காட்சி அந்தப் பாத்திரத்தின் மேல் ஒட்டாமல் கிடக்கிறது.

1971 ஜனவரியில் மனைவி ஹெலன் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' படத்தில், தனக்குத் தர முன்வந்த வேடத்தை விட்டு, அண்டை வீட்டாரின் கொடுமையால் தற்கொலை செய்துகொள்ளும் கிழவர் கிரிம்ஸ்டைக்கின் வேடத்தைக் கேட்டு வாங்கினார். பாத்திரம் தன் இறந்த மனைவியின் படத்தோடு பேசுகிறது. துக்கத்தைக் காசாக்கினார் என்று குறை சொல்வோர் உண்டு. காட்சியைப் பாருங்கள். அங்கே காட்சிக்கு வைத்த அழுகை கிடையாது, பழகிய வீட்டில் பழகிய பொருள்களைத் தொடும் விரல்கள் இருக்கின்றன.

1974இல் ஃபிஷரின் கடைசிப் படம், 'ஃபிராங்கன்ஸ்டைனும் நரகத்தின் பூதமும்'. பிரபுவின் கைகள் இதில் தீயில் கருகிவிட்டன, கறுப்புக் கையுறை போட்டிருக்கிறார். அறுவையை இளம் மருத்துவன் செய்ய வேண்டியிருக்கிறது. அவசரத்தில் பிரபு ரத்தக்குழாயைப் பற்களால் கவ்விப் பிடிக்கிறார். கைகளே நடிப்பாக இருந்தவரிடமிருந்து கைகளைப் பறித்துவிட்டு எடுத்த படம் இது. அவரது மிகச் சிறந்த ஃபிராங்கன்ஸ்டைனும் இதுதான். 1957இன் படத்தைவிடவும் மேல் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

முகத்தின் அச்சு இருந்தால் கணினி டார்கினைக் கட்டிவிடும். அந்தப் பற்களை எந்தப் பதிவிலிருந்து எடுப்பது? குஷிங்கை அறிய விரும்புகிறவர்கள் 'ரோக் ஒன்'னை விட்டுவிட்டு 1957, 1969, 1974 ஆகிய மூன்று ஃபிராங்கன்ஸ்டைன் படங்களையும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.