'லாம்' என்ற விகுதி

1963-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. ஆனால் ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு ராஜ்யமே கொந்தளித்தது என்றால், கதை எழுதுகிறவனும் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

அரசியல் சாசனம் அமலாகி 15 வருஷம் கழிந்த பின்னும் ஹிந்தியோடு இங்கிலீஷும் பயன்படுத்தப்படலாம் என்றது அதன் மூன்றாம் பிரிவு. மூலத்தில் உள்ள சொல் 'மே'. 'ஷல்' என்று போடுங்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். இந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்ற பொருளில் நேரு சமாதானம் சொன்னார். ஒன்றுதான் என்றால் கேட்ட சொல்லையே போடுவதற்கென்ன என்றது தி.மு.க. விமரிசகன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

நேருவின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுதியவரின் மனசு வாசகனோடு கூட வராது, வாக்கியம்தான் வரும். 1964-ல் நேரு காலமானார். 1965 ஜனவரி 26-ல் கெடு முடிந்தபோது மிஞ்சியிருந்தது 'லாம்' மட்டுமே. மதராஸ் ராஜ்யம் பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இந்த வித்தியாசம் செவ்வாப்பேட்டைப் பக்கம் காணி வாங்குகிறவருக்குச் சட்டென்று புரியும். பழைய கிரயப் பத்திரங்களில் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவீர்' என்று இருக்கும். 'அனுபவித்துக்கொள்ளலாம்' என்று எழுதினால் பணத்தை எண்ணிக் கொடுப்பாரா அவர்? கடவது, கடன், கடமை எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். விசித்திரம் என்னவென்றால், 'ஷல்' என்பதும் ஆதியில் 'கடன்பட்டிருக்கிறேன்' என்றே பொருள்பட்டது. 'மே' என்பதில் கடன் இல்லை, தயவுதான் உண்டு.

'ஷல்' ஒன்றும் இரும்புக் கோட்டையல்ல என்பதும் உண்மையே. அரசியல் சாசனத்தின் 320-வது ஷரத்தில் சர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்ள 'ஷல்' என்றிருந்தும், கலக்காததால் மட்டும் உத்தரவு செல்லாமற் போகாது என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஆகவேதான் 1967-ம் வருஷத்துத் திருத்தம் சொல்லோடு நிற்கவில்லை. மூன்றாம் பிரிவின் தலைவாக்கியத்தில் 'மே' இன்றும் இருக்கிறது. ஆனால், ஹிந்தியை ஏற்காத ராஜ்யங்களோடு மத்திய சர்க்கார் நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு 'ஷல்' வந்தது. அந்த ராஜ்யங்களின் சட்டசபைகள் எல்லாம் தீர்மானித்து, பிறகு பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானித்தாலன்றி ஏற்பாடு மாறாது என்ற பூட்டும் போட்டார்கள்.

1963-ல் ஒரு பேனாக் கீறலில் முடிந்திருக்கக்கூடிய காரியத்தை, நாலு வருஷம் கழித்து, உயிர்களைப் பலிகொடுத்த பின் செய்தார்கள். அந்த வாக்கியத்தின் மேல் என் புகார் இதுதான்.